மேடு பழகாத கால்களுக்கு எந்தத் திராட்சை நாடு?

கீரிமலையில் மலை இல்லை. கடலை ஒட்டி ஒரு கேணி இருக்கிறது, நகுலேஸ்வரம் இருக்கிறது. மலை பெயரோடு நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகிய எவருக்கும் ஏற்றம் என்பது ஒரு மதகைக் கடப்பதோ பாலத்தின் முதுகில் ஏறி இறங்குவதோதான். 33 வருடம் கணிதம் படிப்பித்தேன். அத்தனை வருடமும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். ஆனால் கியர் என்ற ஒன்றை என் கை முதன்முதலில் தொட்டது ஓய்வு பெற்ற பிறகு, ஜேர்மனியில், மோசல் ஆற்றங்கரையில்.

அதிலிருந்து மூன்று முறை பிள்ளைகளையும் உறவினரையும் பார்க்க ஐரோப்பா போய் வந்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் நானும் கணவரும் ஒரு வாரத்தை ஒதுக்கி, வைன் செய்யும் மலைச்சரிவுகளின் நடுவே சிறு கிராமங்கள் வழியாகச் சைக்கிளில் சுற்றினோம். சில வாரங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்காவும் அத்தானும் வந்து கேட்டார்கள்: "ரீச்சர், செப்டெம்பரில் போகிறோம். மகன் ஜேர்மனியில், தங்கை பிரான்ஸில், பெறாமகள் சுவிஸில் இருக்கிறார்கள். நாங்கள் எங்கே ஓடுவது?" அவர்களுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இந்த வருடம் புறப்படும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

இந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளிடம் போகும் நம் வயதினர் பலர் நாலாம் மாடி வீட்டின் யன்னலோரத்தில் மூன்று மாதத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். மொழி தெரியாது, பஸ் எண் புரியாது, பிள்ளைகளுக்கு வேலை. ஊரில் 65 வயதிலும் சந்தைக்கும் கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் தாமே உழக்கிப் போனவர்கள், அங்கே யாராவது கூட்டிப் போனால்தான் வாசலைத் தாண்டுகிறார்கள். என் கணவரும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தார். பேச்சுக் குறைந்துவிட்டது. மகள் ஒரு சனிக்கிழமை வாடகைச் சைக்கிள் இரண்டு எடுத்துத் தந்தாள். அன்று மாலை அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் பேசினார்.

இனித் தெரிவுக்கு வருவோம். வைனின் புகழையும் படங்களின் அழகையும் சற்று ஒதுக்கி வையுங்கள். பாதை மலைச்சரிவோடு எப்படிப் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். மோசலில் அது சரிவின் காலடியில் ஆற்றோடு போகிறது. பிரான்ஸின் அல்சாஸில் மலையடிவாரத்தில் அலை அலையாக ஏறி இறங்குகிறது. சுவிஸின் லாவோவில் சரிவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தாலியின் கியாந்தியில் ஊர்கள் குன்றின் உச்சியில் இருப்பதால் ஒவ்வொரு நாளும் ஏற்றத்திலேயே முடியும். நான்கு இடத்திலும் திராட்சை இருக்கிறது, பழைய கிராமங்கள் இருக்கின்றன. முழங்காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

"எங்களுக்கு மேடு ஏறவே தெரியாதே" என்று அக்கா பயந்தார். ஏறத் தெரியும் என்று சொன்னேன். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனவருக்கு மலை என்றால் என்னவென்று கால் அறியும். இதை நான் கணக்குப் போட்டும் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடும் ஒருவருக்கு, மணிக்கு 20 கி.மீ. எதிர்காற்று சேர்க்கும் சுமை ஏறக்குறைய 3 சதவீத ஏற்றத்தின் சுமைக்குச் சமமாக வருகிறது. 3 சதவீதம் என்றால் 100 மீற்றர் தூரத்தில் 3 மீற்றர் உயர்வு. ஆகவே அந்த அளவு ஏற்றம் நம் கால்களுக்குப் புதியதல்ல. 6, 7, 10 என்று போகும்போதுதான் பழக்கமில்லாத இடத்துக்கு வருகிறோம்.

நமக்கு உண்மையிலேயே தெரியாதது இறக்கம். காற்றோடு மல்லுக்கட்டி ஓடியவருக்குக் கால் பலம் வந்திருக்கும். ஆனால் இரண்டு கி.மீ. தூரம் பிறேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும் வேலையை அவருடைய கை ஒருநாளும் செய்ததில்லை. நான் இந்த நான்கையும் தரம் பிரிப்பது ஏற்றத்தை விட இறக்கத்தை வைத்துத்தான்.

முதலில் மோசல். பிரான்ஸின் வோஜ் மலைத்தொடரில் பிறந்து, லக்சம்பேர்க்கின் எல்லையைத் தொட்டு, ஜேர்மனிக்குள் பாம்புபோல் வளைந்து, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றில் சேர்கிறது. நாங்கள் ஓடியது திரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை, ஏறக்குறைய 200 கி.மீ. நாளுக்கு 35 கி.மீ. என்று வைத்து ஆறு நாளில் முடித்தோம். பெரும்பகுதி ஆற்றங்கரையோடு போகும் தார் போட்ட சைக்கிள் பாதை, இடையிடையே வீதியோரம். ஆற்றில் அணைகள் கட்டிக் கப்பல் போக வழி செய்திருப்பதால் தண்ணீர் குளம்போல் நிற்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் திராட்சைச் சரிவு வானத்துக்கு எழுகிறது, நீங்கள் அதில் ஏற வேண்டியதில்லை. மூன்று நான்கு கி.மீ.க்கு ஒரு கிராமம் வருகிறது. தண்ணீர், கழிப்பறை, நிழல், ஒரு வாங்கு எல்லாம் கிடைக்கும். களைத்தால் பல ஊர்களில் ரயில் இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றலாம். கொக்ஹெம் ஊருக்குப் பக்கத்தில் ரயில் 4 கி.மீ.க்குச் சற்று அதிகமான சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். ஆற்றோடு சுற்றினால் அதே இடத்துக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். நாங்கள் சுற்றித்தான் போனோம். அந்த வளைவுக்குள் இருக்கும் பைல்ஸ்ரைன் என்ற சிறு கிராமத்தைத் தவறவிடாதீர்கள்.

அந்த வழியில்தான் பிரெம் என்ற ஊருக்கு மேலே கால்மொன்ட் சரிவு நிற்கிறது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. உரும்பிராய், நீர்வேலிச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். (பிற ஊர்த் தமிழர் திராட்சை என்பதை நாம் முந்திரிகை என்போம்.) நம் தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குலை தொங்கும். மோசலின் பழைய முறையில் ஒரு கொடிக்கு ஒரு தடி. இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் தடியோடு கட்டியிருப்பார்கள். அந்தச் செங்குத்தில் இயந்திரம் நிற்காது. கையால் பறித்து, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்னஞ்சிறு வண்டியில் வைத்து இறக்குகிறார்கள். கீழே சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்தபோது, பனையில் ஏறியவர் கள்ளு முட்டியோடு இறங்குவதைச் சிறு வயதில் மூச்சடக்கிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

மண் என்று அங்கே ஒன்றும் இல்லை, தகடு தகடாகக் கறுத்த கல். ஒன்றைக் கையில் எடுத்தேன். வெயிலில் தோசைக்கல்போல் சுட்டது. மற்றொரு கல்லில் கீறினேன், வெள்ளையாகக் கோடு விழுந்தது. நாங்கள் ஆனா ஆவன்னா எழுதிய அதே சிலேற்று! பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுப்பதால்தான் அந்தக் குளிர் நாட்டில் ரீஸ்லிங் திராட்சை பழுக்கிறது என்று தோட்டக்காரர் எங்கள் மகளிடம் சொன்னார். ஒரு துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன்.

நம்மில் பலருக்கு ஷெங்கன் என்பது கொழும்புக்குப் போய் விண்ணப்பிக்கும் விசா. அது ஓர் ஊரின் பெயர் என்று நான் மோசலில்தான் அறிந்தேன். லக்சம்பேர்க் பக்கத்தில், இதே ஆற்றங்கரையில், ஒரு சிறிய திராட்சைக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற கப்பல் ஒன்றில் வைத்து ஐந்து நாடுகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. திரியரிலிருந்து ஒரு நாள் ஓட்டத் தூரம். எல்லைப் பாலத்தின் நடுவில் கணவர் சைக்கிளை நிறுத்தினார். கடவுச்சீட்டை எடுத்து, விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் போன நாளில் எல்லையில் யாரும் மறிக்கவில்லை, ஒரு கேள்வியும் இல்லை. போர்க்காலத்தில் ஆனையிறவு, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளைப் பொதிகளோடு கடந்த காலம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் மனதில் வந்திருக்க வேண்டும்; இருவரும் ஒன்றும் பேசாமல் உழக்கினோம்.

திரியரில் ரோமர் கட்டிய கறுப்பு வாசல் நிற்கிறது. கார்ல் மார்க்ஸ் 1818 இல் பிறந்தது இந்த ஊரில். இளைஞராகப் பத்திரிகையில் இருந்தபோது மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றி 1843 இல் எழுதினார் என்று அறிந்ததும், சரிவுகளில் குனிந்து நின்றவர்களை வேறு கண்ணால் பார்த்தேன்.

மோசலின் குறைகளையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்திலும் அதை அடுத்தும் ஆறு பெருகினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். கொக்ஹெமில் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கோடு போட்டு வருடம் எழுதியிருக்கிறார்கள். 1993 டிசெம்பர்க் கோடு ஒரு வீட்டில் என் தலைக்கு மேலே இருந்தது. செப்டெம்பரில் இந்தப் பயம் குறைவு. இரண்டாவது, ஆற்றோடு ஆறு நாள் போனால் ஐந்தாம் நாள் காட்சி கொஞ்சம் அலுக்கும். அத்தானைப் போல எதையும் மேலே ஏறிப் பார்க்க விரும்புபவருக்கு அலுப்பு முன்னரே வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அங்கே வாடகைக்குத் தரும் பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லு பிறேக் பிடிக்கும். நாம் சந்தியில் நின்று புறப்படும்போது பெடலை ஒரு சுற்றுப் பின்னால் சுழற்றிக் கால் வைக்க வசதியாக நிறுத்திக்கொள்வோமே, அந்தப் பழக்கம் அங்கே ஆகாது. முதல் நாள் நான் மெதுவாகப் போகும்போதே அப்படிச் செய்து, சைக்கிள் சடாரென நின்று, சாய்ந்துவிட்டேன். கைப்பிறேக்கும் மாறியிருக்கும். நம் ஊரில் வலக்கை பெரும்பாலும் முன்சில்லுக்கு. அங்கே இடக்கைதான் முன்சில்லுக்கு. பதற்றத்தில் இடக்கையை மட்டும் இறுக்கினால் தலைகீழாகத் தூக்கிவிடும். அதோடு வீதியில் வலப்பக்கம் போக வேண்டும். வாடகைக் கடையில் பெடல் பிறேக் இல்லாத சைக்கிளைக் கேட்டு வாங்கலாம், இருக்கிறது.

அடுத்தது அல்சாஸ். மார்லென்ஹைமிலிருந்து 'தான்' என்ற ஊர் வரை 170 கி.மீ. நீளமான வைன் வீதி 1953 இல் திறக்கப்பட்டது. அது கார் ஓடும் வீதி. சைக்கிளுக்கு அதை ஒட்டியே தனியாக ஒரு வழி, 130 கி.மீ. அளவில், தோட்டங்களுக்குள் உழவு இயந்திரம் போகும் ஒழுங்கைகளால் அமைத்திருக்கிறார்கள். ஏற்றங்கள் குறுகியவை, சோளகத்துக்கு ஈடானவை பாதி, அதைவிடக் கடுமையானவை மீதி. இறக்கங்களும் குறுகியவை என்பதால் கை வலிப்பதற்குள் முடிந்துவிடும். மேற்கே வோஜ் மலை மழையை மறித்துக்கொள்வதால் கோல்மார் பிரான்ஸின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று. குடாநாட்டுக்காரருக்கு அந்த வெளிச்சம் பழகிய வெளிச்சம்.

மோசலில் நாளுக்கொரு ஊரில் தங்கிப் பொதியோடு நகர வேண்டும். அல்சாஸில் அது தேவையில்லை. கோல்மாரில் ஒரே அறையில் ஐந்து இரவு தங்கி, காலையில் ஒரு திசையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். ஒருநாள் எகிஸ்ஹைம்: வட்டத்துக்குள் வட்டமாகத் தெருக்கள், எந்த வாசலால் நுழைந்தாலும் நடுவிலிருக்கும் முற்றத்துக்கு வந்து சேர்வீர்கள். ஒருநாள் கைசர்ஸ்பேர்க், ஒருநாள் ரிக்விர். முழங்கால் வலித்தால் ஒருநாள் சும்மா இருக்கலாம். வயது போனவர்களுக்கு இது பெரிய வசதி. அக்காவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது; அதனால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன்.

ரிக்விரை எல்லோரும் காட்டுவார்கள். 16ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகள் வண்ணம் பூசி நிற்கின்றன, சுற்றுலாக்காரர் கூட்டம் தோள் இடிக்கிறது. அதிலிருந்து சில கி.மீ. தள்ளி பென்விர் என்று ஓர் ஊர். வழிகாட்டிப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஏதோ வித்தியாசம் தெரிந்தது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி நடந்தோம். வீடுகள் எல்லாம் ஒரே வயது. தெரு நேராக இருக்கிறது. தேவாலயமும் புதியது. கணவர்தான் சொன்னார்: "இங்கே ஷெல் விழுந்திருக்கிறது." விசாரித்தால் உண்மைதான். 1944 டிசெம்பரில் நடந்த சண்டையில் ஊர் முழுவதும் தரைமட்டமாகி, போருக்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. பக்கத்துச் சிகோல்ஸ்ஹைமும் அப்படித்தான். நாலு கி.மீ. தள்ளியிருந்த ரிக்விர் தப்பியது.

வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிப் போனவர்களுக்கு அந்தத் தெரு உடனே புரியும். எல்லையை அடையாளம் காட்ட ஒரு கிணறு, ஒரு புளியமரம், அத்திவாரத்தில் ஒரு மூலை, மற்றெல்லாம் புதிது. பென்விரில் ஒரு வயதான அம்மா மதிற்சுவருக்கு உள்ளே முந்திரிகைக் கொடிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்த மண் 1871 இல் ஜேர்மனியோடு போய், 1918 இல் பிரான்ஸுக்குத் திரும்பி, 1940 இல் மறுபடி பறிபோய் மீண்டது. ஊர்ப் பெயர்கள் ஜேர்மன் ஒலியில் இருக்கின்றன, பேசுவது பிரெஞ்சு. யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் ரிக்விரைப் பார்க்காமல் விட்டாலும் பென்விரில் அரை மணி நேரம் நில்லுங்கள்.

அல்சாஸின் குறை: வேனிலிலும் அறுவடைக் காலத்திலும் புகழ்பெற்ற ஊர்களில் கூட்டம் மிக அதிகம், அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பாரிஸிலிருந்து வேக ரயிலில் சைக்கிளோடு வருவதைவிடக் கோல்மாரில் வாடகைக்கு எடுப்பது சுலபம். ஊர்க் கிணற்றுத் தொட்டிகளில் தண்ணீர் அழகாக விழும், ஆனால் பலவற்றில் 'குடிக்க உகந்ததல்ல' என்று பிரெஞ்சில் எழுதியிருப்பார்கள். அந்தச் சொற்களைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லாவோவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அது சைக்கிளுக்கான இடம் அல்ல என்பதால். லொசானுக்குக் கிழக்கே ஜெனீவா ஏரியைப் பார்த்தபடி ஏறக்குறைய 30 கி.மீ. நீளத்துக்குக் கல்லடுக்கிக் கட்டிய படித்தோட்டம். துறவிகள் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை, 2007 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையானது. மூன்று சூரியன்கள் அங்கே திராட்சையைப் பழுக்க வைக்கின்றன என்பார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் சூரியன், கற்சுவர் இரவில் விடும் சூடு. அந்த அழகு வேறு எங்கும் இல்லை. ஆனால் ஒழுங்கைகள் கூரை மாதிரிச் சரிந்தவை, ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம். பெறாமகளோடு ரயிலில் போய் சென்-சாபோரினில் இறங்கி, லுத்ரி வரை நடந்துவிட்டு வாருங்கள். அரை நாள் போதும்.

கியாந்தி எனக்கு மனதில் நிற்பது வேறு விதமாக. பிளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவே கிரேவே, காஸ்தெல்லினா, ராடா, கையோலே என்று ஊர்கள். தார் போடாத வெண்ணிறச் சரளைச் சாலைகள் சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவே போகின்றன. 1997 இலிருந்து கையோலேயில் பழைய சைக்கிள்களுக்கென்றே ஒரு ஓட்டம் நடக்கிறது. 1987க்கு முந்திய மாதிரிச் சைக்கிளில்தான் கலந்துகொள்ளலாம். நம் ஊரில் இன்னும் ஓடும் சில சைக்கிள்களுக்கு அங்கே மாலை போடுவார்கள்! அந்த ஊர்ச் சைக்கிள் அன்பைப் பார்க்கவே போகலாம் என்று மருமகன் கூட்டிப் போனார்.

மூன்று நாள் ஓடினோம், மின்சார சைக்கிளில். ஏற்றம் சிரமமாக இருக்கவில்லை. இரண்டாம் நாள் ராடாவிலிருந்து இறங்கும்போது நான் தொடக்கத்திலிருந்தே இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்றே தெரியவில்லை. எனக்கு முன்னால் போன கணவர் வளைவில் சரளையில் சில்லு வழுக்கி விழுந்தார். முழங்கையும் முழங்காலும் உரிந்தன, எலும்பு தப்பியது. பின்னால் கார் வராதது எங்கள் நல்வினை. அன்றிரவு மருமகன் சொல்லித் தந்தார்: பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிறேக்கைத் தொடக் கூடாது, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும், கை மரத்தால் நின்று உதற வேண்டும். முப்பது வயதுக்காரருக்கு இது விளையாட்டு. சமதரையில் நாற்பது வருடம் ஓடியவருக்கு இரண்டு நாளில் வராது. கியாந்தியை நான் யாருக்கும் முதல் பயணமாகச் சொல்ல மாட்டேன்.

மின்சார சைக்கிளா, சாதாரணமா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய விதிப்படி அதன் மோட்டார் 250 வாட், நாம் உழக்கினால்தான் உதவும், மணிக்கு 25 கி.மீ. தாண்டினால் உதவி நின்றுவிடும், அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வாடகை சாதாரண சைக்கிளைப் போல் இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல். அல்சாஸிலும் கியாந்தியிலும் 60 வயதைத் தாண்டியவர்கள் தயங்காமல் அதையே எடுங்கள். மோசலில் வேண்டாம். ஏறக்குறைய 25 கிலோ எடை. சிறிய ரயில் நிலையத்தில் படியேற்றித் தூக்க இரண்டு பேர் வேண்டும். இறக்கத்தில் அந்த எடையே நம்மைத் தள்ளும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மோசலுக்கு ஏழு கியர் உள்ள சாதாரண சைக்கிளும் நல்ல ஆசனமும் போதும். சேலை வேண்டாம், சுடிதாரின் கால்பகுதியைப் பட்டியால் கட்டிக்கொள்ளுங்கள்.

விசாவும் தெரிவில் தலையிடும். ஒரே ஷெங்கன் விசாவில் நான்கு நாட்டுக்கும் போகலாம், 180 நாளுக்குள் 90 நாள். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். மகன் ஜேர்மனியில் என்பதால் மூன்று மாதத்தில் பெரும்பகுதி அங்கே கழியும், விண்ணப்பமும் அங்கே. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி எப்படியும் எடுக்க வேண்டும். சைக்கிளில் விழுந்தாலும் அது செல்லுமா என்று பத்திரத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார், அவர் சைவம். மோசலில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அப்பத்தை அப்பிள் கூழோடு தருவார்கள், பசியாறும். இலையுதிர் காலத்து வெங்காயப் பணியாரத்திலும் அல்சாஸின் மெல்லிய வெங்காய ரொட்டியிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். இல்லாமல் செய்துதரக் கேட்கலாம், செய்து தருகிறார்கள். வைன் குடிக்காதவர்களுக்கு எல்லாத் தோட்டத்திலும் திராட்சைச் சாறு உண்டு. நானும் அதையே குடித்தேன்.

செப்டெம்பர் கடைசியில் போவதால் ஒன்றைப் பார்ப்பீர்கள். மோசல் கிராமங்களில் வீட்டு வாசலில் மேசை போட்டு, புளித்துக்கொண்டிருக்கும் புதிய திராட்சைச் சாற்றைப் போத்தலில் விற்பார்கள். கலங்கலாக, வெண்மஞ்சளாக, நுரை தள்ளிக்கொண்டிருக்கும். மூடியை இறுக்க மாட்டார்கள். இறுக்கினால் காற்று முட்டி வெடித்துவிடும். கணவர் ஒரு வாய் குடித்தார். இனிப்பும் புளிப்புமாக நாக்கில் முள்போல் குத்துகிறது என்றார். பிறகு கிண்ணத்தை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, "இது காலைக் கள்ளு" என்றார். எனக்கும் தந்தார். மணம் அப்படியே முட்டி மணம்தான். விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பனை என்றால் என்னவென்று கைப்பேசியில் படம் காட்டி விளக்கினோம். மரத்தில் ஏறியா எடுப்பீர்கள் என்று அவர் வியந்து, பின்னால் இருந்த சரிவைக் காட்டி, நாங்களும் ஏறித்தான் எடுக்கிறோம் என்றார்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் நான் சொன்ன முடிவு மோசல். கணவன் மனைவி இருவரும் ஒரே வேகத்தில், ஒருவர் மற்றவருக்காகக் காத்திராமல், பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு ஓடக்கூடியது நான்கில் அது ஒன்றுதான். திரியரிலிருந்து தொடங்கட்டும், தண்ணீர் போகும் திசை அது, காற்றும் அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து முதுகில் அடிக்கும். கோப்லென்ஸ் வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை, கொக்ஹெமில் நிறுத்தி ரயில் ஏறலாம், அலுப்புக்கும் அது மருந்து. அக்காவின் இரத்த அழுத்தத்துக்காக ஒவ்வொரு இரண்டு நாள் ஓட்டத்துக்கும் நடுவே ஒருநாள் ஓய்வு வைத்திருக்கிறேன். தங்கையைப் பார்க்க ஸ்ட்ராஸ்பூர் போகும் வாரத்தில் கோல்மாரில் ஒருநாள் மின்சார சைக்கிள் எடுத்துப் பென்விர் வரை போய் வரட்டும். அல்சாஸை முழுவதும் ஓடுவது அடுத்த முறைக்கு. கணவன் மனைவியாக அல்லாமல் சகோதரர்களோ நண்பர்களோ நாலு பேர் போவதென்றால், அதுவும் உறவினர் பிரான்ஸில் இருந்தால், நான் தயங்காமல் அல்சாஸை முதலில் சொல்லியிருப்பேன்.

பயிற்சிக்கு இரண்டு வழி சொன்னேன். சோளகம் இருக்கும்போதே பண்ணைப் பாலத்தில் காற்றை எதிர்த்து வாரம் மூன்று நாள். ஆகஸ்டில் இரண்டு நாள் பேராதனைக்குப் போய்ப் பல்கலைக்கழக வளாகத்துச் சரிவுச் சாலைகளில் இறங்கிப் பழகுவது. அங்கே படித்த காலத்தில் நான் நடந்தே திரிந்த சாலைகள் அவை. பிறேக்கைப் பிடித்து விட்டுப் பழக வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மாலை ஐந்து மணிக்கு இருவரும் எங்கள் வாசலால் போகிறார்கள். அக்கா நன்றாகப் பழகிவிட்டார். அத்தான் சந்தியில் நின்று புறப்படும்போது இன்னும் பெடலைப் பின்னால் சுழற்றுகிறார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து நான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.